மட்டாஞ்சேரியில் பல் பார்க்கப் போனது

கேரளத்தில் படித்த பெண் என்றால் டீச்சர்தான். வேறு வேலைக்கு அவர்களிடம் பெயரே இல்லை போலிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறையில் நான் கால் வைத்ததுமே சுமைக்காரர் ஒருவர் ஓடிவந்து, "டீச்சரே, பெட்டியைக் கொடுங்கள்" என்றார். நான் டீச்சர் இல்லை, கோயமுத்தூரில் பல்சக்கரம் செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னேன். "சரி டீச்சரே" என்றார். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தப் பெட்டிக்குள் இருந்த மீயொலிக் கருவி எங்கள் ஆலைக்கே புதிது. காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பச்சைத் திரையில் கோடாகக் காட்டும். வார்ப்பில் விரிசல் தேட வாங்கியது. பல்சக்கரத்தில் பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்றும் இதை வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முதலாளிக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. "பொட்டி சும்மாதான கெடக்குது, எடுத்துட்டுப் போம்மா. நம்ம பல்லு நல்ல பல்லுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்று சொல்லி அனுப்பினார்.

விவகாரம் இதுதான். மட்டாஞ்சேரியில் ஹம்சா என்பவர் ஒரு சரக்குப் படகு வைத்திருந்தார். நல்ல பெரிய மரப்படகு. அதன் இன்ஜினுக்கும், தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்கும் நடுவே ஒரு கியர் பெட்டி. அதிலிருப்பவை எங்கள் ஆலைச் சக்கரங்கள். ஒரு ஜோடி உடைந்தது. புதிது மாற்றினார்கள், அதுவும் உடைந்தது. இரண்டு தடவையும் பல்லின் ஒரே ஓரம்தான் பெயர்ந்து விழுந்திருந்தது. பல் மோசம் என்றார் பொருத்திய மெக்கானிக். பொருத்தினவர் மோசம் என்றது எங்கள் ஆலை. ஹம்சா மெக்கானிக்கைத்தான் குற்றம் சொன்னார். மூன்றாவது ஜோடியைப் பொருத்தி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

தனியாக வந்த பெண் லாட்ஜில் தங்குவது சரியில்லை என்று முதலாளியே முடிவு செய்து, விஸ்வநாதன் என்பவர் வீட்டில் ஏற்பாடு செய்திருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பல தலைமுறையாக மட்டாஞ்சேரிவாசிகள். விஸ்வநாதன் ஒரு தேயிலைக் கிடங்கில் மேனேஜர். அவர் மனைவி ராஜி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ, யாத்ரை சுகமா இருந்துதா? கால் அலம்பிண்டு வாங்கோ, ஊணு ஆயாச்சு" என்றார். தமிழ்தான். ஆனால் ஏற்ற இறக்கம் முழுக்க மலையாளம். அவர் பெண்குழந்தை தமிழில் பேசியது, ஆனால் என் கையிலிருந்த தமிழ் வாரப்பத்திரிகையைப் படிக்கத் தெரியாமல் படம் மட்டும் பார்த்தது.

சாப்பாடு பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சோறு சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் ஒரு பல் பூண்டு தடிமனில் இருந்தது. மென்று முடிப்பதற்குள் தாடை வலித்துவிட்டது. மொளகூட்டல் என்று ஒன்று ஊற்றினார், தேங்காயும் பருப்பும் கீரையும் சேர்ந்து அருமையாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சூடாகச் சிவப்புத் தண்ணீர் வந்தது. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்ததாம். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு அது கஷாயம். வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர், குடிக்கக் கொடுப்பது இதுவா என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர்மேல் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. எனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

மறுநாள் காலை படகைப் பார்க்கப் போனேன். மிளகும் சுக்கும் காயும் தெருக்கள் வழியாக நடந்ததில் மூக்கு எரிந்துகொண்டே இருந்தது. படகைக் கரைக்கு இழுத்து ஏற்றி நிறுத்தும் சரிவை அங்கே 'ஸ்லிப்' என்கிறார்கள். கட்டைகளின் மேல் முட்டுக்கொடுத்து ஹம்சாவின் படகை நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக் சேவியர் என்னை ஏணி வைத்து ஏற்றிவிட்டார்.

சேவியருக்கு நாற்பது வயதிருக்கும். கொஞ்ச காலம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்ததால் தமிழ் வரும். தன்னைப் பற்றிப் பேசக் கிடைத்தால் லேசில் விடமாட்டார். "கொச்சியில உருப்படியா மூணு மெக்கானிக் உண்டு டீச்சரே. ரெண்டு பேரு ஞான் படிப்பிச்சவங்க. மூணாமத்தவன் ஞானாக்கும்" என்றார். இவரிடம் எதைக் கேட்டாலும் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹம்சா நேர் எதிர். ஒல்லியான மனிதர், வெள்ளை பனியன், இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். வாயிலிருந்து வார்த்தை விழாது. அவர் பேசியதெல்லாம் மலையாளம், எனக்குப் புரிந்த மட்டில் தமிழில் எழுதுகிறேன். இருவரும் ஒரே சந்தில் பிறந்து ஒன்றாகத் திரிந்தவர்களாம். இரண்டாவது பல் போன நாளிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு ஒருவர், "ஸ்பானர் எங்கே என்று அவரிடம் கேளுங்கள் டீச்சர்" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர், "பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லுங்கள் டீச்சர்" என்பார். முதலில் சிரிப்பு வந்தது, போகப்போக எரிச்சல் வந்தது.

ஹம்சா தள்ளிப் போன சமயத்தில் சேவியர் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு துபாய் விசா வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்தில் பம்பாய் ரயில் ஏற வேண்டும். "போகணும்னு ஆசைப்பட்டுப் போகலை டீச்சரே. ஹம்சா என் மேல குத்தம் சொன்னதில பின்னெ ஒரு படகுகாரனும் என்னெ வேலைக்கு விளிக்கலை. ஞான் போயாச்சுன்னா என் தம்பி, அனியன் ஆண்டணியாக்கும் டூல்பெட்டி எடுக்கிறது. என் பெண்டாட்டி, பிள்ளைக எல்லாம் அவன் கையில. பல்லு பொட்டிச்ச சேவியரோட அனியன்னு சொல்லி அவனெயும் ஒருத்தனும் விளிக்க மாட்டான். போறதுக்கு முன்னெ இது தீரணும்." அதுவரை பேசிய ஆள் மாதிரியே இல்லை. நான் கருவியின் மூடியைத் திறந்தேன்.

கருவி செய்யும் வேலை ஒன்றும் மாயமில்லை. ஒலி இரும்புக்குள் நன்றாக ஓடும், காற்றைக் கண்டால் திரும்பிவிடும். பல்லின் முதுகில் புரோப் என்கிற ஒரு சின்ன வில்லையை ஒட்டி உள்ளே ஒலியை விட்டால் அது பல்லின் மறு முகம் வரை போகும். அங்கே எதிர்ச்சக்கரத்தின் பல் அழுந்தித் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலியில் ஒரு பங்கு அதற்குள் தாவிவிடும். திரும்பி வருவது குறைவு, திரையில் கோடு குட்டையாகும். தொடாவிட்டால், இடைவெளி முடியைவிட மெல்லியதாக இருந்தாலும் ஒலி அப்படியே திரும்பிவிடும், கோடு உயரமாக நிற்கும். ஆக, குட்டைக்கோடு என்றால் தொடுகிறது, நெட்டைக்கோடு என்றால் தொடவில்லை.

வழக்கமாக நீலச்சாயம் தடவி, சக்கரத்தைச் சுற்றி, சாயம் ஒட்டிய இடத்தைப் பார்ப்போம். சேவியரும் அப்படித்தான் பார்த்திருந்தார். ஆனால் நீலம் எப்போதோ தொட்டதைச் சொல்லும். இது தொட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லும். அதுதான் இதை எடுத்து வரக் காரணம்.

விசிறித் தண்டைச் சங்கிலியால் கட்டிவிட்டு, இன்ஜின் பக்கம் ஒரு நீளக் கம்பி கொடுத்து அதில் எடை தொங்கவிட்டோம். பல்லோடு பல் அழுந்தி நின்றது. பல்லின் இன்ஜின் பக்கத்து ஓரத்தில் ஒரு புரோப், விசிறிப் பக்கத்து ஓரத்தில் ஒரு புரோப். குமிழைத் திருப்பினால் இதை விட்டு அதைப் பார்க்கலாம். இடுக்கில் எண்ணெய் தங்கியிருந்தால் ஒலி அது வழியாகவும் தாவி, தொடாத இடத்தையும் தொட்டதாகக் காட்டும். அதனால் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து உலர்த்தினேன். சேலைத் தலைப்பு முதல் தலைமுடி வரை மண்ணெண்ணெய் நாற்றம்.

இரண்டு ஓரத்திலும் கோடு ஒரே குட்டை. பல் முழு அகலத்துக்கும் அழகாகத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பல்லும் சரி, பொருத்தினதும் சரி. இதைச் சொன்னதும் சேவியர் மீசையைத் தடவினார். "ஒரு நூல் மாறாதுன்னு ஞான் சொன்னேனா இல்லியா?"

ஹம்சா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்து இந்தத் தடவை ஒழுங்காகப் பொருத்தியிருக்கிறான். முன்பு இரண்டு தடவையும் ஒழுங்காகப் பொருத்தினான் என்று உங்கள் பெட்டி சொல்லுமா?" என்றார். சொல்லாது. சேவியரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

துறைக் கடையில் கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டேன். விஸ்வநாதன் வீட்டில் அதெல்லாம் நடக்காது. குழம்பில் போட்ட குடம்புளி நாக்கில் சுள்ளென்று ஏறியது. எங்கள் ஊர்ப் புளி இதன் பக்கத்தில் நிற்காது, இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சாப்பிட்ட கையோடு முதலாளிக்கு டிரங்க்கால் போட விஸ்வநாதனின் கிடங்குக்குப் போனேன்.

வாசற்படியில் கால் வைக்குமுன் அவர் உள்ளேயிருந்து கையை நீட்டிக்கொண்டு வந்தார். "நில்லுங்கோ, நில்லுங்கோ. அங்கேயே நில்லுங்கோ. உள்ளெ வரப்படாது." கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மீன் தின்றுவிட்டு வந்தவள் என்று வீட்டில் காட்டாத ஆசாரத்தை இங்கே காட்டுகிறாரா இந்த மனுஷன்? "ஏனுங்க, நான் வந்தா உங்க தேயிலைக்குத் தீட்டாயிருமா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லை, கேட்டேளா. மண்ணெண்ணெ வாசனையாக்கும். இந்தத் தேயிலை இருக்கே, பக்கத்துல எது நாறினாலும் அதைக் குடிச்சுடும். பீடி, சோப்பு, கருவாடு, ஒண்ணும் பாக்காது. லண்டன்ல ருசி பாக்கறவன் ஒருத்தன் வாயில விட்டுக் கொப்பளிச்சுத் துப்புவான். மண்ணெண்ணெ நாறறதுன்னு சொன்னான்னா பெட்டி பெட்டியாத் திரும்பி வரும். என் வேலை போகும்." கை கழுவி வருகிறேன் என்றேன். சோப்பும் கூடாதாம். கடைசியில் டெலிபோனை வயரோடு ஜன்னலுக்கு இழுத்து வந்து வெளியே நீட்டினார். தெருவில் நின்று முதலாளியோடு பேசினேன்.

"பல்லு பூராத் தொடுதா? அப்பறமென்னம்மா. பல்லுல குத்தமில்லைன்னு எழுதீட்டு வண்டியேறு" என்றார்.

"அதை மட்டும் எழுதுனா மெக்கானிக் தலையில விழுமுங்க. அந்தாளு பொருத்துனதும் சரியாத்தானுங்க இருக்குது."

"விழுந்தா விழுகட்டும். நம்ம தலை தப்புச்சுதா இல்லியா?"

வயர் கரகரத்தது. நான் போனை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தேன். சேவியர்மேல் எனக்கு அப்படியொன்றும் பிரியம் வந்துவிடவில்லை. அரை உண்மையை என் கையெழுத்தில் கேட்டார்களே, அதுதான் பொறுக்கவில்லை. இரவு மொளகூட்டல்கூட ருசிக்கவில்லை. "கறியில உப்பு போறாதா?" என்று ராஜி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அடுத்த நாள் கருவியைக் கழற்றிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. படகின் அடிவயிற்றில் கியர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை வழுக்கிக்கொண்டு போனது. இரும்புக் கயிறு கிறீச்சிட்டது, யாரோ ஏலேலம் போல ஒன்று பாடினார்கள், அடுத்த நிமிடம் நான் படகோடு தண்ணீரில் இருந்தேன். ஸ்லிப்புக்கு இன்னொரு படகு காத்திருந்ததாம், அதனால் இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மேலே ஏறி வந்து ஹம்சாவைப் பார்த்துக் கத்தினேன். தமிழில் கத்தியதால் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். "கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். தேயிலை ஏற்றும் துறை அதோ இருக்கிறது, அங்கே இறங்கிக்கொள்ளலாம்" என்றார். தண்டில் சங்கிலியும் கம்பியில் எடையும் நேற்றுக் கட்டியபடியே இருந்ததால், இன்னொரு படகு எங்களை இழுத்துக்கொண்டு போனது. போன இடத்தில் ஓரமாக நிறுத்தினார்களே தவிர, கரைக்கும் படகுக்கும் நடுவே ஓர் ஒற்றைப் பலகை, அதன் கீழே கரும்பச்சைத் தண்ணீர். அதில் சுமைக்காரர்கள் தலையில் தேயிலைப் பெட்டியோடு சர்சர்ரென்று போய்வந்தார்கள். நான் பார்த்தேன், பேசாமல் உள்ளே திரும்பிவிட்டேன். அவர்கள் ஏற்றி முடிக்கட்டும், பலகை காலியாகட்டும் என்று கருவியின் முன் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்க்காமலிருக்க எனக்கு ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. புரோப்புகள் இன்னும் பல்லில் ஒட்டியபடியே இருந்தன, கருவியைப் போட்டு, திரையைப் பார்த்தேன்.

கோடுகள் நேற்றுப் போலவேதான் இருந்தன. மேலே தொம் தொம்மென்று பெட்டிகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் விசிறிப் பக்கத்துக் கோடு மட்டும் லேசாக வளர்ந்ததுபோல் தெரிந்தது. பேட்டரியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். குமிழைத் திருப்பினால் இன்ஜின் பக்கத்துக் கோடு இன்னும் குட்டையாகியிருந்தது. பேட்டரிக் கோளாறு என்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா மாற வேண்டும்? புரோப்பை அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது.

சுமைக்காரர்கள் சாயா குடிக்கப் போனார்கள். கோடு அப்படியே நின்றது. திரும்பி வந்து மறுபடி ஏற்றத் தொடங்கினார்கள். கோடு மறுபடி வளர்ந்தது. தண்ணீராவது ஒன்றாவது என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். படகின் முன்பக்கம் முழுக்கப் பெட்டி, பின்பக்கம் முழுக்கப் பெட்டி. நடுவில், இன்ஜினைச் சுற்றி, ஓர் அறை அளவுக்கு வெறும் பலகை.

ஹம்சாவைக் கூப்பிட்டு ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டேன். "இன்ஜின் பக்கம் வைத்தால் தேயிலையில் டீசல் நாற்றம் ஏறும். விஸ்வநாதன் சார் ஆர்டர்" என்றார்.

"தேயிலைக்கு முன்னால் என்ன ஏற்றினீர்கள்?"

"ஆலுவாவிலிருந்து கூரை ஓடு."

"ஓட்டையும் இப்படித்தான் ஒதுக்கி வைப்பீர்களா?"

"ஓட்டுக்கு என்ன மூக்கா டீச்சர்? நடுவில்தான் அதிகம் அடுக்குவோம்."

"ஓடு ஏற்றினபோது பல் போச்சா?"

ஹம்சா இல்லை என்று தலையசைத்தார். பலகையில் நின்றிருந்த சேவியர் இறங்கி வந்தார். தேயிலை ஏற்றத் தொடங்கிய பிறகுதான் இரண்டு தடவையும் பல் போயிருக்கிறது.

முன்னும் பின்னும் பாரம் வைத்து நடுவைக் காலியாக விட்டால் மரப்படகு இரண்டு தலையும் அமுங்கி முதுகைத் தூக்கிக்கொள்ளும். இன்ஜின் நிற்கும் கட்டை அதோடு வளையும். கட்டையில் முடுக்கிய கியர் பெட்டி முறுகும். பல் முழுசாகத் தொடாமல் ஓர் ஓரத்தில் மட்டும் தொடும், மொத்த பலமும் அந்த ஓரத்தில் விழும், பெயர்ந்துபோகும். எங்கள் ஊரில் இயந்திரம் கான்கிரீட்டில் நிற்கிறது. தரை வளையும் என்ற நினைப்பே எங்களுக்கு வராது. ஸ்லிப்பில் ஏற்றிப் பொருத்துகிறவர்களுக்கும் வரவில்லை, முட்டுக்கொடுத்த படகு கரையில் வளைவதில்லை. தண்ணீரில் சரக்கோடு வைத்து யாரும் பல்லைப் பார்த்ததில்லை.

நடுவில் பாரம் வைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். பெட்டியை அங்கே வைக்க ஹம்சா சம்மதிக்கவில்லை. இறக்கி ஏற்றச் சுமைக்காரர்களும் சம்மதிக்கவில்லை, அது தனி வேலையாம். "சரி, நீங்களே வந்து நில்லுங்கள்" என்றேன். அதற்கு மட்டும் துறையே வந்தது. சுமைக்காரர்கள், சாயாக்கடைக்காரர், வேடிக்கை பார்க்க நின்றவர்கள், எல்லோரும் இன்ஜினைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். விசிறிப் பக்கத்துக் கோடு இறங்கியது. முழுக்க இல்லை, பாதிக்கு இறங்கியது. எல்லோரையும் கரைக்குப் போகச் சொன்னேன், கோடு ஏறியது. திரும்ப வரச் சொன்னேன், இறங்கியது. "இவர் கேரம் காய் மாதிரி நம்மை ஆட்டுகிறாரே" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

சேவியர் சிரிக்கவில்லை. "அவர்கிட்டெ கேளுங்க டீச்சரே, இப்ப என்ன சொல்றார்னு."

ஹம்சா திரையைப் பார்த்தார், காலியாகக் கிடந்த நடுவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் பலகையில் ஏறித் தொழுகைக்குப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. "பச்சைக்கோடு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, ஹம்சா ஒன்றும் சொல்லவில்லையே" என்று சாயாக்கடைக்காரர் போகிறபோக்கில் சொன்னார். அந்தத் துறையில் ஹம்சா வாய் திறந்தால்தான் செல்லும். சேவியர் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே, "கேட்டீங்களா டீச்சரே. ஒரு வாக்கு சொன்னானா பாருங்க" என்றார். எனக்கு ஹம்சாமேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று சாயங்காலம் அறிக்கை எழுதினேன். பல்லில் குற்றமில்லை, பொருத்தியதில் குற்றமில்லை, பாரம் ஏற்றும் முறையில் படகு வளைகிறது. மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விஸ்வநாதன் படித்துவிட்டு முகம் வெளுத்தார். "அப்போ குத்தம் என் பேர்லயா?" ராஜி அடுப்படியிலிருந்தே, "குத்தமாவது ஒண்ணாவது. நாத்தம் பிடிக்காத சாமானை நடுவுல வைக்கச் சொல்லுங்கோ. பழைய ஓடு இல்லையா கொச்சியில?" என்றார். அதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றியிருக்கவில்லை. அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும், பார்த்தால் பஸ் ஸ்டிரைக். எங்கள் ஊரில் ஸ்டிரைக் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். இங்கே காலையில் பஸ் வராவிட்டால்தான் ஸ்டிரைக் என்று தெரிகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தேன். பயணிகள் படகில் கால் வைக்க இடமில்லை. பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்தவர்கள், எர்ணாகுளம் போக நின்றவர்கள், துறை முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் சேவியரும் நின்றார். புதுச் சட்டை, பக்கத்தில் இரும்புப் பெட்டி, மனைவி, தம்பி ஆண்டணி. ரயிலுக்கு எப்படிப் போவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஹம்சாவின் படகு வந்து ஒட்டியது. கிடங்கு விடுமுறை, படகு காலி. ஹம்சா யாரையும் பார்க்காமல் பலகையைப் போட்டார். நேராகப் போய் சேவியரின் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார். சேவியர் மனைவியைப் பார்த்தார், பிறகு பின்னாலேயே ஏறினார். என்னையும் யாரோ கைபிடித்து ஏற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தாண்டினேன்.

சேவியர் முன்பக்கம் போய் உட்காரப் பார்த்தார். ஹம்சா அவர் பெட்டியை நடுவில், கியர் பெட்டி மூடியின் பக்கத்தில் இறக்கி வைத்தார். பிறகு துறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அந்த வாய் பேசாத மனுஷன், உரக்கச் சொன்னார்: "சேவியரே, நீ நடுவில் உட்கார். நடுவில் பாரம் இல்லாவிட்டால் பல் போகும். பொருத்தியவன்மேல் குற்றமில்லை." ஆண்டணி பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை டூல் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

சேவியர் முன்பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். மூடியின் மேல் உட்கார்ந்து பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கரையில் அவர் மனைவி அழுதுகொண்டே கையாட்டினார். இன்ஜின் கிளம்பியது, கீழே பல் ஒரே சீராகச் சுழலும் சத்தம் கேட்டது.

அன்று படகில் எங்களைத் தவிர வேறு பாரமே கிடையாது. காலிப் படகில் எவன் எங்கே உட்கார்ந்தாலும் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஹம்சாவுக்கும் தெரியும், சேவியருக்கும் தெரியும். எர்ணாகுளம் வரும்வரை சேவியர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.